ஆ காட்டும்மா

தம்பி, நலம் என்று எழுதித் தொடங்குவதுதான் வழக்கம். நலமாக இருக்கிறேன் என்று எழுதினால் நீ நம்பமாட்டாய், நலமில்லை என்று எழுதினால் அடுத்த பஸ்ஸில் வந்து நிற்பாய். ஆகையால் இருக்கிறேன் என்று மட்டும் எழுதுகிறேன். காலில் வீக்கம் இல்லை. படுத்தால் மூச்சு வாங்குவதில்லை. வில்லாபுரத்தில் எப்போதும்போல வெயில், தண்ணீர் ஒருநாள் விட்டு ஒருநாள் வருகிறது. செல்வி வீட்டார் முகூர்த்தப் பட்டு எடுக்க என்னைக் கூப்பிட்டார்கள், அலைய முடியாது என்று சொல்லிவிட்டேன். உன் கல்யாணத்துக்கு இன்னும் செய்ய வேண்டியது மலையாகக் கிடக்கிறது, எனக்கோ அசதி விட்டபாடில்லை. ஆனாலும் அதையெல்லாம் ஒதுக்கி வைத்துவிட்டு இன்றைக்கு உட்கார்ந்து எழுதுவது வேறொன்றுக்காக. போன ஞாயிற்றுக்கிழமை காலையில் நீ சாப்பிடாமல் பஸ் ஏறினாயே, அதற்காக.

நீ மாத்திரையைக் கையில் கொடுத்தாய். நான் வாயில் போட்டுத் தண்ணீர் குடித்தேன். குடித்துவிட்டு உன்னைப் பார்த்து வாயை அகலத் திறந்தேன். நாக்கைத் தூக்கியும் காட்டினேன். உன் முகம் போன போக்கைப் பார்த்த பிறகுதான் நான் என்ன செய்தேன் என்பதே எனக்கு உறைத்தது. டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, "வாரேம்மா, கோயம்புத்தூர் பஸ்ஸுக்கு நேரமாச்சு" என்று பையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டாய். அடுப்பில் உனக்காக ஊற்றிய இட்லி வெந்துகொண்டிருந்தது. அதை மத்தியானம் நான்தான் தின்றேன்.

இந்த வாய் திறக்கிற பழக்கம் எங்கிருந்து வந்தது என்று நம் இருவருக்கும் தெரியும். ஆனால் நாம் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசிக்கொண்டதில்லை. நீ பேசமாட்டாய், உன் அப்பா மாதிரி. நானாவது பேசிவிடுகிறேன். நேரில் ஆரம்பித்தால் நீ எழுந்து வாசலுக்குப் போய்விடுவாய். கடிதத்தை விட்டு எழுந்து எங்கே போவாய்?

உன் அப்பாவிடமிருந்துதான் ஆரம்பிக்க வேண்டும். அந்த மனிதருக்கு ரத்தக்கொதிப்பு இருந்ததும், மாத்திரை என்றால் வேப்பங்காயாகக் கசந்ததும் ஊருக்கே தெரியும். நான் கொடுப்பேன், வாயில் போடுவார், தண்ணீர் குடிப்பார், "போதுமாடி, திருப்தியா?" என்பார். நான் திருப்தியாகத்தான் இருந்தேன். அவர் போய், காரியமெல்லாம் முடிந்து, அந்த இரும்புக் கட்டிலை வெளியே தூக்கிப் போடலாம் என்று நீயும் உன் சித்தப்பாவும் ஆளுக்கு ஒரு பக்கம் சாய்த்தீர்கள். கால்குழாயின் மூடி எப்போதோ தொலைந்துபோயிருந்தது. அதற்குள்ளிருந்து மாத்திரைகள் கொட்டின. சில முழுசாக, சில பொடியாக, தரை முழுக்க உருண்டு ஓடின. துக்கத்துக்கு வந்த சனம் அம்புட்டும் பார்த்துக்கொண்டிருந்தது. நீ குனிந்து ஒவ்வொன்றாகப் பொறுக்கினாய். அழவில்லை. அன்றைக்கு நீ அழுதிருந்தால் பின்னால் நமக்குள் நடந்தது எதுவும் நடந்திருக்காது என்று நான் பலமுறை நினைத்திருக்கிறேன்.

அதன் பிறகு எனக்கு இந்த நெஞ்சுக் கோளாறு வந்தது. துடிப்பு தாறுமாறாக ஓடுகிறது, வேகத்தைக் குறைக்க வேண்டும் என்று இருதய டாக்டர் டிஜாக்சின் என்ற சின்ன வெள்ளை மாத்திரையை எழுதினார். ஏதோ ஒரு பூச்செடியின் இலையிலிருந்து எடுப்பதாம், உலகம் முழுக்க இருதயக்காரர்கள் சாப்பிடுவதாம். நானும் சாப்பிட்டேன். கால் வீக்கம் வற்றவில்லை. மாடிப்படி வேண்டாம், நம் வாசல் இரண்டு படி ஏறவே மூச்சு இரைத்தது. டாக்டர் அளவைக் கூட்டினார். பிறகும் கூட்டினார். ஒருநாள் என் நாடியைப் பிடித்துப் பார்த்துவிட்டு, என்னைக் கேட்காமல் உன்னைக் கேட்டார்.

"அம்மா மாத்திரைய ஒழுங்காச் சாப்பிடுறாங்களா தம்பி?"

அப்போது நீ என்னைத் திரும்பிப் பார்த்தாயே, அந்தப் பார்வையில் உன் அப்பாவின் கட்டில் சாய்ந்து கிடந்தது. நான் சாப்பிடுகிறேன் என்று சொன்னேன். டாக்டர் சிரித்துக்கொண்டே, "எல்லாரும் அப்படித்தாம்மா சொல்லுவாங்க" என்றார். என் ரத்தத்தை எடுத்து, மருந்து எவ்வளவு இருக்கிறது என்று பார்க்க வெளியூருக்கு அனுப்பினார். இங்கே அந்த வசதி கிடையாது. பதில் வந்தபோது, இவ்வளவு மாத்திரை தின்கிற உடம்பில் இருக்க வேண்டியதில் பாதிகூட இல்லை என்று வந்தது. "ரத்தம் பொய் சொல்லாது" என்றார் டாக்டர். அப்படியென்றால் பொய் சொல்வது யார் என்று அவர் சொல்லவில்லை. சொல்லத் தேவையும் இல்லை.

அன்று வீட்டுக்கு வந்து நீ போட்ட சத்தம் தெரு முழுக்கக் கேட்டது. "எங்கம்மா போடுற? கட்டில் காலிலயா, கொல்லையிலயா? நீயும் என்னைய அநாதையாக்கிட்டுப் போகணுமா?" என்றாய். "உங்கப்பா மேல சத்தியமா முழுங்குறேன்டா" என்றேன். "அப்பாவுந்தான் சத்தியம் பண்ணாரு" என்றாய்.

அப்போது உனக்கு உள்ளூர் பாங்கில்தான் வேலை. மறுநாள் காலையில் வேலைக்குப் புறப்படும் முன் மாத்திரையோடும் டார்ச் லைட்டோடும் வந்து நின்றாய். "ஆ காட்டும்மா" என்றாய். முதலில் எனக்குச் சிரிப்புதான் வந்தது. உனக்குச் சோறூட்ட நான் சொன்ன வார்த்தை அது. ஆ காட்டு ராசா, ஆ காட்டு என்று நான் கெஞ்ச, நீ வாயை இறுக்கிக்கொண்டு தெரு முனை வரைக்கும் ஓடுவாய். நான் வாயைத் திறந்தேன். நீ டார்ச் அடித்தாய். நாக்குக்கு அடியில் பார்த்தாய், கன்னத்துக்குள் பார்த்தாய். பயத்தில்தான் செய்கிறாய், பாவம், அப்பனைப் பறிகொடுத்த பிள்ளை என்று எனக்குப் புரியத்தான் செய்தது. புரிந்தாலும் வலித்தது, தம்பி. பக்கத்து வீட்டு முத்துப்பிள்ளை ஒருநாள் மோர் வாங்க வந்தவள் அதைப் பார்த்துவிட்டாள். "என்ன மதினி, பல்லு வலியா?" என்றாள். நான் ஆமாம் என்றேன். நான் சொன்ன பொய் அந்த ஒன்றுதான்.

நீ பார்த்தும் துடிப்பு குறையவில்லை. நீ போன பிறகு விரலை விட்டு வாந்தி எடுக்கிறேன் என்று நினைத்தாய். கொல்லைப்பக்கம் போய்ப் பார்ப்பாய், எனக்குத் தெரியாதென்று நினைத்துக்கொண்டு. இதில் கொடுமை என்னவென்றால், கொஞ்ச நாளில் எனக்கே என்மேல் சந்தேகம் வந்துவிட்டது. டாக்டர் சொல்கிறார், ரத்தம் சொல்கிறது, பெற்ற பிள்ளை சொல்கிறான், ஒருவேளை நான்தான் நினைவில்லாமல் துப்பிவிடுகிறேனோ? அதனால் மாத்திரையை மென்று தின்ன ஆரம்பித்தேன். கசப்பு நாக்கில் நின்றால் சாப்பிட்டேன் என்று எனக்காவது தெரியுமே. காப்பி குடிக்காமல் வெகுநேரம் அந்தக் கசப்போடு உட்கார்ந்திருப்பேன்.

இவ்வளவு எழுதவே தோள் வலிக்கிறது. மிச்சத்தை நாளைக்கு எழுதுகிறேன்.

நேற்று விட்ட இடத்திலிருந்து தொடர்கிறேன். இன்றைக்கு உடம்பு தேவலை.

அந்தப் பங்குனியில் திருப்பரங்குன்றத்தில் செருப்பில்லாமல், மூச்சு வாங்க, உட்கார்ந்து உட்கார்ந்து மலையைச் சுற்றி வந்ததில் என் குதிகாலில் முள்ளோ கண்ணாடியோ ஏறிவிட்டது. புண் சீழ் வைத்தது. நீ வேலையாக இருந்தாய், நான் முத்துப்பிள்ளையோடு போய் அவனியாபுரத்து டாக்டரிடம் காட்டினேன். அவர் புண்ணுக்குக் கேப்சூல் எழுதினார், சிவப்பும் மஞ்சளுமாக. வேறு மாத்திரை சாப்பிடுகிறீர்களா என்று அவர் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. புண்ணுக்கும் நெஞ்சுக்கும் என்ன சம்பந்தம் என்றுதான் யாரும் நினைப்பார்கள். புண் ஆறத் தொடங்கியது. ஆனால் சோற்றைக் கண்டால் குமட்டியது. ஒருநாள் முத்துப்பிள்ளை தயிர்ச்சோறு பிசைந்து கொண்டுவந்து கொடுத்தாள். எனக்கு அது மஞ்சளாகத் தெரிந்தது.

"ஏன்டி, தயிர்ச்சோத்துக்கு எதுக்கு மஞ்சப்பொடி போட்ட?" என்றேன்.

"தயிர்ச்சோத்துக்கு யாராச்சும் மஞ்சப்பொடி போடுவாகளா மதினி? ஒங்களுக்கு என்ன பண்ணுது?" என்று கிட்டே வந்து பார்த்தவள், "அய்யய்யோ, காமால!" என்று கையைத் தலையில் வைத்துக்கொண்டாள்.

பிறகு என்ன, மஞ்சளாகத் தெரிந்தால் மஞ்சள்காமாலைதான் என்று தெருவே தீர்ப்புச் சொல்லிவிட்டது. கீழாநெல்லியை அரைத்து மோரில் கலந்து வெறும் வயிற்றில் கொடுத்தார்கள். உப்பில்லாப் பத்தியம். நீயும் சரி என்றாய். காமாலை வந்தால் நோயாளியின் கண்தான் மஞ்சளாகும், அவளுக்கு ஊரெல்லாம் மஞ்சளாகத் தெரியாது என்று நம் ஒருவருக்கும் தோன்றவில்லை. உன் வெள்ளைச் சட்டை மஞ்சள், சுண்ணாம்பு அடித்த சுவர் மஞ்சள். இதெல்லாம் ஆகிக்கொண்டிருக்கும்போதே நீ தினமும் வெள்ளை மாத்திரையைக் கொடுத்துக்கொண்டும், நான் மஞ்சள் மாத்திரையாக அதை மென்றுகொண்டும் இருந்தோம். கடைசியில் ஒரு காலையில் குளியலறையில் விழுந்துவிட்டேன்.

ஆஸ்பத்திரியில் கண் விழித்தபோது நீ பக்கத்தில் இருந்தாய். நாடி அடங்கிக்கிடக்கிறது, மாத்திரை அளவுக்கு மேலே போய்விட்டது, குமட்டலும் மஞ்சள் பார்வையும் அதன் விஷம்தான் என்று உன்னிடம் சொல்லியிருந்தார்கள். நீ என் காதருகே குனிந்தாய். "சேத்து வச்சு மொத்தமா முழுங்கிட்டியாம்மா? நான் வஞ்சதுக்கா?" என்று கேட்டாய். கேட்டுவிட்டு, கட்டிலைச் சாய்த்த அன்று அழாத அழுகையெல்லாம் சேர்த்து அழுதாய். பக்கத்துக் கட்டில்காரிகள் எழுந்து உட்கார்ந்து பார்த்தார்கள். போலீஸுக்குச் சொல்ல வேண்டியிருக்குமா என்று யாரோ நர்ஸைக் கேட்டது என் காதில் விழுந்தது. நான் தலையை ஆட்டினேன், இல்லை இல்லை என்று. ஆனால் என் தலையாட்டலுக்கு உன்னிடம் மதிப்பு போய் வெகுநாள் ஆகியிருந்தது.

அதுவரைக்கும் மாத்திரையை முழுங்காதவள் என்று பேர். அன்றைக்கு மாத்திரையை முழுங்கிச் சாகப் பார்த்தவள் என்று பேர். இரண்டில் எது கேவலம் என்று யோசித்துப் பார்த்தேன். செத்தாலும் பரவாயில்லை, இந்தப் பேரோடு சாகக்கூடாது என்றுதான் அப்போது எனக்கு இருந்தது. பெற்ற பிள்ளை, அம்மா என்னால்தான் செத்தாள் என்று காலம் முழுக்க நினைத்துக்கொண்டு நடமாடுவானே. நாடி அடங்கியதெல்லாம் எனக்கு அதற்கு அடுத்த கவலைதான்.

மத்தியானம் ஒரு டாக்டரம்மா வந்தார். வயது முப்பதுகூட இருக்காது. எத்தனை மாத்திரை முழுங்கினீர்கள் என்று எல்லோரும் கேட்டுக்கொண்டிருக்க, அந்தப் பெண் என் காலைப் பார்த்தது. "இது என்ன கட்டும்மா? புண்ணுக்கு என்ன சாப்பிட்டீங்க?" என்றது. நான் கேப்சூலின் நிறத்தைச் சொன்னேன். எப்போது ஆரம்பித்தீர்கள், எப்போதிருந்து குமட்டல் என்று கேட்டது. அதற்கு முன்னால் டிஜாக்சின் எடுத்தும் ஏன் துடிப்பு குறையவில்லை என்று உன்னைக் கேட்டது. நீ வெளியூர் போன ரத்தத்தின் கதையைச் சொன்னாய். பிறகு என் கட்டிலில் உட்கார்ந்து உன்னிடம் சொன்னது எனக்கு வார்த்தைக்கு வார்த்தை நினைவிருக்கிறது.

"சில பேர் குடல்ல ஒருவகைக் கிருமி இருக்கும் சார். அது நோய்க்கிருமி இல்ல, சும்மா குடியிருக்கிறது. இந்த மாத்திரை ரத்தத்துக்குப் போறதுக்கு முன்னாடியே அது ஒடச்சு, ஒண்ணுக்கும் ஆகாத சரக்கா ஆக்கிரும். அதனாலதான் ஒங்கம்மாவுக்கு எம்புட்டுக் குடுத்தும் பத்தல. புண்ணுக்குக் குடுத்த கேப்சூல் அந்தக் கிருமியையும் சேத்துக் கொன்னுருச்சு. இப்ப மாத்திரை முழுசா ரத்தத்துல ஏறிருச்சு. இவங்க தெனமும் சாப்பிடாம இருந்திருந்தா, இது நடந்திருக்கவே நடந்திருக்காது."

தெனமும் சாப்பிடாம இருந்திருந்தா. அதைக் கேட்டதும் எனக்கு வந்தது சந்தோஷம் இல்லை, தம்பி. கோபம்தான் வந்தது. கசக்கக் கசக்க நான் மென்ற மாத்திரையை வயிற்றில் வாடகை கொடுக்காமல் குடியிருந்ததுகள் தின்றுவிட்டு, கெட்ட பேரை என் தலையில் கட்டியிருக்கின்றன. அந்த விஷம் ஏறாமல் இருந்திருந்தால் நான் நல்லவள் என்பது யாருக்கும் தெரியவே தெரியாது. ரத்தம் பொய் சொல்லவில்லைதான். நானும் சொல்லவில்லை. நான் விழுங்கியதும் உண்மை, ரத்தத்தில் சேரவில்லை என்பதும் உண்மை, நடுவில் என்ன ஆகிறது என்று பார்க்க ஒருவருக்கும் தோன்றவில்லை. நீ எழுந்து வெளியே போனாய். வரும்போது ஆரஞ்சு வாங்கி வந்தாய். உரித்து, நார் எடுத்து, சுளை சுளையாகக் கொடுத்தாய்.

நீ முழுசாக நம்பவில்லை என்பதும் எனக்குத் தெரியும். நல்ல மனசு டாக்டர், அம்மாவைக் காப்பாற்றச் சொல்கிறார் என்றுகூட நினைத்திருப்பாய். குறைத்த அளவில் அதே மாத்திரையைத் தொடரச் சொல்லி, கிருமி திரும்ப வரலாம், நாடியைப் பார்த்துக்கொண்டே இருங்கள் என்று சொல்லித்தான் அனுப்பினார்கள். சில மாதம் நன்றாக இருந்தேன். நீ உன் கையாலேயே கொடுத்தாய், ஒருநாள்கூடத் தவறவில்லை. அப்படியிருந்தும் துடிப்பு மறுபடி ஏறியது, கால் மறுபடி வீங்கியது. அந்த டாக்டரம்மாவுக்கு ஊர் மாற்றல் ஆகியிருந்தது. பழைய இருதய டாக்டரிடமே போனோம். அவர் பழையபடி உன்னைப் பார்த்து அதே கேள்வியைக் கேட்டார்.

"நானே குடுத்தேன் டாக்டர். என் கண்ணு முன்னாடிதான் முழுங்குனாங்க. சத்தியமா" என்றாய்.

அவர் சிரித்தார். "நல்லாப் பாத்தீங்களா தம்பி?" என்றார்.

உன் முகம் சிவந்ததை நான் பார்த்தேன். எத்தனையோ மாதமாக என் முகம் சிவந்த சிவப்பு அது. நீ குரலை உயர்த்தி, கிருமி, கேப்சூல், குளியலறையில் விழுந்தது, டாக்டரம்மா சொன்னது எல்லாவற்றையும் சொன்னாய். எங்கம்மா பொய் சொல்லமாட்டாங்க என்று மேசையைத் தட்டினாய். அந்த மனிதர் அரை மனதோடு வேறு மாத்திரைக்கு மாற்றினார், அது என் உடம்புக்கு ஒத்துக்கொண்டது, நான் இன்றைக்கு உட்கார்ந்து எழுதுகிறேன். நீ மேசையைத் தட்டினாயே, அன்றைக்கே உன்மேல் எனக்கிருந்த வருத்தம் போய்விட்டது. அதை அப்போதே சொல்லியிருக்கலாம். வெளியே வந்து ரிக்‌ஷா பிடிக்கிற மும்முரத்தில் விட்டுப்போயிற்று, பிறகு சொல்வதற்கு வாய்க்கவில்லை.

செல்வியைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். நல்ல பெண். கொஞ்சம் வாயாடி, நமக்கு அது வேண்டியதுதான். நாளைக்கு அவள் காய்ச்சலடிக்கிறது என்பாள், தொட்டால் உன் கைக்குச் சூடு தெரியாது. உப்புப் போட்டேன் என்பாள், உன் நாக்கில் உப்பு இருக்காது. அப்போதெல்லாம் அவள் முகத்தைப் பார்ப்பதற்கு முன்னால் நடுவில் என்ன ஆகியிருக்கும் என்று யோசி. டார்ச் லைட்டை எடுக்காதே. அதை நான் பரணில் போட்டுவிட்டேன், கரண்ட் போனால் மெழுகுவர்த்தி இருக்கிறது.

இப்போது ஞாயிற்றுக்கிழமைக்கு வருகிறேன். அன்று நான் வாயைத் திறந்தது உன்னைக் குத்திக்காட்ட இல்லை. மாத்திரை உள்ளே போனதும் இந்த வாய் தானாகத் திறந்துகொள்கிறது, தம்பி. நீ இல்லாத நாளிலும் திறக்கிறது. தனியாகத் தண்ணீர் குடித்துவிட்டு, பால்காரர் வந்து நின்றால் அவரிடமும் ஆ காட்டிவிட்டு வெட்கப்பட்டிருக்கிறேன். பழகிப்போன உடம்பு, அவ்வளவுதான். உன்மேல் எனக்குக் கோபம் இல்லை. மனதில் வைத்துக்கொண்டு செய்யவும் இல்லை.

இதை வெளியூருக்கு அனுப்பிச் சோதித்துப் பார்க்க வழி கிடையாது. இந்த முறை என்னைக் காப்பாற்ற டாக்டரம்மா யாரும் வரமாட்டார்கள். நான் சொல்வது மட்டும்தான் இருக்கிறது. நம்பினால், அடுத்த முறை வரும்போது உட்கார்ந்து இட்லி சாப்பிட்டுவிட்டுப் போ.

உன் அம்மா